1677 ஜனவரியா, 1678 ஜனவரியா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் சென்னை ஜார்ஜ் கோட்டையின் பொறுப்பை ஏற்ற நாளை ஒரு நூல் 1677 ஜனவரி 27 என்கிறது, இன்னொரு நூல் 1678 ஜனவரி 27 என்கிறது. இதில் எது பிழை? கூடவே, அக்கால இங்கிலாந்தில் மார்ச் 25ஆம் தேதிதான் ஆண்டு பிறந்தது என்கிறார்களே, ஒரு மாதம் முடியுமுன் நடுவில் எப்படி ஆண்டு மாறும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம்: இரண்டு நூல்களிலும் பிழை இல்லை, இரண்டும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. இரண்டாவதற்குத்தான் விரிவான பதில் வேண்டும். ஏனென்றால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மக்கள் எந்த நாளைப் புத்தாண்டு என்று கொண்டாடினார்கள் என்பது ஒன்று. எழுத்தர் எந்த நாளில் ஆண்டின் எண்ணை மாற்றி எழுதினார் என்பது மற்றொன்று. இன்று இரண்டும் ஒரே நாளாக இருப்பதால் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய ஆவணங்களைப் படிக்கும்போது அந்த நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும்.

கம்பெனிக் காலத்துப் பதிவுகளைப் படித்து நாள் குறிப்பது பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாக அந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பதிவுகளில் 1677 டிசம்பர் முடிந்ததும் 1677 ஜனவரி வரும். பிறகு 1677 பிப்ரவரி, பிறகு 1677 மார்ச். மார்ச் 24 வரை 1677தான். மறுநாள் மார்ச் 25, 1678. பார்ப்பவருக்கு ஏடுகளை யாரோ வரிசை மாற்றித் தைத்துவிட்டார்கள் என்று தோன்றும். மாற்றித் தைக்கவில்லை, எழுதியவரின் கணக்கில் அதுதான் சரியான வரிசை. மாஸ்டர் பொறுப்பேற்ற நாள் அவர் காலத்து ஆங்கிலேயருக்கு 1677ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி, நமக்கு 1678இன் முதல் மாதம். அவர் முயற்சியில் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தின் வேலை தொடங்கிய நாள் 1678 மார்ச் 25. அவர்கள் கணக்கில் அது அந்த ஆண்டின் முதல் நாள். பொறுப்பேற்றதற்கும் கட்டட வேலை தொடங்கியதற்கும் இடையில் 57 நாட்களே கழிந்தன. பழைய தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒருவர், மாஸ்டர் பதினான்கு மாதம் கழித்துத்தான் தேவாலயத்தைப் பற்றி யோசித்தார் என்று எழுதிவிடுவார். ஒரு மனிதரின் ஊக்கத்தையே தவறாக மதிப்பிட வைக்கும் பிழை இது. இதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

மார்ச் 25 ஏன் என்பதற்குக் காரணம் சமயம் சார்ந்தது. வானதூதர் கபிரியேல் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. கிறிஸ்து பிறப்புக்குச் சரியாக ஒன்பது மாதம் முந்தியது. கிறிஸ்து மனித உரு எடுத்த நாளிலிருந்து ஆண்டை எண்ணுவதென்றால், பிறந்த நாளைவிடக் கருவான நாளே தொடக்கம் என்பது அவர்கள் வாதம். அந்தப் பார்வையில் மாதம் பாதியில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பது ஒரு பொருட்டே அல்ல. மாதம் ரோமானியர் விட்டுப்போனது, ஆண்டு எண் திருச்சபை கொடுத்தது. இரண்டும் வெவ்வேறு மூலத்திலிருந்து வந்தவை. இங்கிலாந்தில் இதற்கு முன் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து ஆண்டை எண்ணும் வழக்கமும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மார்ச் 25 நிலைபெற்று, 1751 வரை சட்டத்திலும் நீதிமன்றத்திலும் தேவாலயப் பதிவேட்டிலும் ஆட்சி செய்தது. குத்தகையும் வாடகையும் கணக்குத் தீர்க்கும் நான்கு காலாண்டு நாட்களில் அது ஒன்றாகவும் இருந்ததால் உழவருக்கும் நிலக்கிழாருக்கும் நன்றாகத் தெரிந்த நாள்.

ஆனால் அதே நாட்டில் ஜனவரி 1ஐத்தான் மக்கள் புத்தாண்டு நாள் என்று அழைத்தார்கள். டியூடர் அரசர்களின் அவையில் புத்தாண்டுப் பரிசுகள் கைமாறியது அன்றுதான். அச்சிட்டு விற்ற பஞ்சாங்கங்கள் ஜனவரியில்தான் தொடங்கின. 1751இல் நாடாளுமன்றம் இந்த முறையை மாற்றிச் சட்டம் இயற்றியபோது அதன் முகவுரையிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டது: மார்ச் 25 கணக்கு அண்டை நாடுகளின் வழக்கத்தோடு பொருந்தவில்லை, ஸ்காட்லாந்தின் சட்டத்தோடு பொருந்தவில்லை, நாடு முழுவதும் மக்கள் பொதுவாகக் கொள்ளும் வழக்கத்தோடும் பொருந்தவில்லை என்று. இந்தக் கடைசிக் காரணம்தான் உங்கள் கேள்விக்கு நேரான சான்று. மக்களின் புத்தாண்டும் சட்டத்தின் புத்தாண்டும் பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. குழப்பத்தைத் தவிர்க்கவே கவனமான எழுத்தர்கள் ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள நாட்களுக்கு 1677/8 என்று இரண்டு எண்ணையும் எழுதினார்கள். எல்லா எழுத்தரும் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை என்பதுதான் நமக்குள்ள தொல்லை.

இதன் விளைவுகள் வரலாற்று நூல்களில் எங்கும் கிடக்கின்றன. முதலாம் எலிசபெத் அரசி இறந்த மார்ச் 24, இங்கிலாந்தின் கணக்கில் 1602ஆம் ஆண்டின் கடைசி நாள். ஸ்காட்லாந்தோ 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. எனவே எலிசபெத்துக்குப் பின் இரு நாடுகளுக்கும் ஒரே அரசரான ஜேம்ஸ், எடின்பரோவின் கணக்கில் 1603இலும் லண்டனின் கணக்கில் 1602இலும் இங்கிலாந்தின் அரியணைக்கு உரியவரானார். முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30ஐ நாம் 1649 என்கிறோம், அன்றைய ஆங்கில ஏடுகள் 1648 என்கின்றன. ஐசக் நியூட்டனின் நினைவுச் சின்னத்தில் அவர் இறந்த நாள் 1726 மார்ச் 20 என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. இன்றைய நூல்கள் 1727 என்கின்றன. கல்வெட்டும் பொய் சொல்லவில்லை, நூல்களும் பொய் சொல்லவில்லை.

இங்கிலாந்து மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இத்தாலி இதைவிடக் கடினம். பிளாரன்ஸ் நகரம் இங்கிலாந்தைப் போலவே நம் ஜனவரிக்குப் பிந்திய மார்ச் 25இல் ஆண்டைத் தொடங்கியது. பக்கத்து நகரமான பீசாவும் மார்ச் 25ஐத்தான் கொண்டது, ஆனால் நம் ஜனவரிக்கு முந்திய மார்ச் 25ஐ. ஆகவே இரண்டு நகரங்களும் ஒரே நாளில் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டே எப்போதும் ஓர் ஆண்டு விலகி நின்றன. வெனிஸ் மார்ச் 1இல் தொடங்கியது. பாரிஸில் அரச அலுவலகம் ஈஸ்டர் அன்று தொடங்கியது. இன்று நாம் 1300 ஏப்ரல் 1 என்று குறிக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வெனிஸிலும் பிளாரன்ஸிலும் 1300. பீசாவில் 1301. பாரிஸில் 1299, ஏனென்றால் அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 10இல்தான் வந்தது. பிளாரன்ஸும் பீசாவும் இந்தப் பிணக்கைத் தீர்த்துக்கொள்ள 18ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தன. டஸ்கனியின் ஆட்சியாளர் ஆணைப்படி 1750 ஜனவரி 1 முதல்தான் இரண்டுக்கும் ஒரே எண் வந்தது. வெனிஸ் தன் குடியரசு 1797இல் வீழும்வரை மார்ச் 1ஐ விடவில்லை.

இவற்றுள் பிரான்ஸின் ஈஸ்டர் ஆண்டுதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. ஈஸ்டர் நிலையான நாள் இல்லையல்லவா, மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வரும். ஆண்டு அதிலிருந்து தொடங்கினால் ஆண்டின் நீளமே மாறும். 1300இன் ஈஸ்டர் ஏப்ரல் 10, 1301இன் ஈஸ்டர் ஏப்ரல் 2, 1302இன் ஈஸ்டர் ஏப்ரல் 22. ஆகவே பாரிஸின் 1300ஆம் ஆண்டுக்கு 357 நாட்கள், 1301ஆம் ஆண்டுக்கு 385 நாட்கள். முன்னதில் ஏப்ரல் 2 முதல் 9 வரை உள்ள நாட்களே கிடையாது. பின்னதில் ஏப்ரல் 2 முதல் 21 வரை எல்லா நாளும் இரண்டு முறை வரும். '1301 ஏப்ரல் 10' என்று மட்டும் எழுதிய ஒரு பிரெஞ்சுப் பத்திரம் உங்கள் கையில் கிடைத்தால், அது ஆண்டின் தொடக்கமா முடிவா என்று தேதியை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்காகவே எழுத்தர்கள் 'ஈஸ்டருக்கு முன்', 'ஈஸ்டருக்குப் பின்' என்று சேர்த்து எழுதினார்கள். ஒன்பதாம் சார்ல்ஸ் அரசர் 1564இல் ரூசியோனில் பிறப்பித்த ஆணைதான் ஜனவரி 1ஐச் சட்டமாக்கியது. அது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இந்த ஆணையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதை உலவுகிறது. புத்தாண்டு ஜனவரிக்கு மாறியது தெரியாமல் ஏப்ரலில் கொண்டாடியவர்களைக் கேலி செய்ததால்தான் முட்டாள்கள் தினம் வந்தது என்பார்கள். இதற்கு அந்தக் காலச் சான்று எதுவும் இல்லை. 1561இலேயே, அதாவது ஆணைக்கு முன்பே, பிளாண்டர்ஸைச் சேர்ந்த ஒரு கவிஞர் ஏப்ரல் 1இல் வேலைக்காரனை வீணாக அலைய விடும் ஓர் எசமானைப் பற்றிப் பாடியிருக்கிறார். எனவே இந்தக் கதையை நான் ஏற்பதில்லை. நீங்களும் கட்டுரையில் சேர்க்க வேண்டாம்.

ஜனவரி 1 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரோமுக்குப் போக வேண்டும். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. லீப் நாளை நாம் இன்றும் பிப்ரவரியில் சேர்ப்பது, ஒரு காலத்தில் அதுவே கடைசி மாதமாக இருந்ததன் எச்சம். கிமு 153இல் ஸ்பெயினில் போர் மூண்டபோது தளபதிகள் சீக்கிரம் புறப்பட வேண்டியிருந்ததால், கான்சல்கள் எனப்பட்ட தலைமை ஆட்சியாளர்கள் மார்ச் 15க்குப் பதிலாக ஜனவரி 1இலேயே பதவியேற்றார்கள். அதுவே நிலைத்தது. ஒரு போரின் அவசரம் பதவிக்காலத்தை நகர்த்த, அந்தப் பதவிக்காலத்தின் தொடக்கத்தை இன்று உலகமே கொண்டாடுகிறது. கிழக்கே பைசாந்தியத்தில் செப்டம்பர் 1 ஆண்டுத் தொடக்கம், அங்கு உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினார்கள். ரஷ்யாவும் அதைப் பின்பற்றியது. மகா பீட்டர் 1699 டிசம்பரில் ஆணை போட்டு, 7208ஆம் ஆண்டின் டிசம்பர் 31க்கு மறுநாள் 1700 ஜனவரி 1 என்று மாற்றினார். அந்த 7208ஆம் ஆண்டு நான்கே மாதத்தில் முடிந்துபோனது.

நம் ஊர் வாசகருக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றத் தேவையில்லை. கொல்லம் ஆண்டு தெற்கே சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது, வடக்கே மலபாரில் கன்னி மாதத்தில் பிறந்தது. ஆகவே ஆவணி முழுவதும் திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் எண் ஒன்று வேறுபடும். நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் கொல்லம் ஆண்டு பொறித்த கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே கணக்கிடுகிறார்கள். விக்கிரம ஆண்டு வட இந்தியாவில் சைத்திரத்திலும் குஜராத்தில் கார்த்திகையிலும் தொடங்குவதால் ஏழு மாதம் எண் பொருந்தாது. நில ஆவணம் வைத்திருக்கும் எவருக்கும் பசலி தெரியும். அறுவடையையும் வரியையும் ஒட்டி முகலாயர் ஆட்சியில் வந்த அந்த ஆண்டு, சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி முதல் நாளில் தொடங்கி, 1855இல் ஜூலை 1க்கு நிலைநிறுத்தப்பட்டது. பசலி 1435 என்றால் 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை. கிராம அடங்கலில் பசலி எண் எழுதும் அலுவலர் ஜூலை 1ஐப் புத்தாண்டாகக் கொண்டாடுவதில்லை. சித்திரையையோ தையையோ ஜனவரியையோ கொண்டாடுகிறார். லண்டனில் 1677இல் இருந்த நிலைமைக்கும் இதற்கும் சாரத்தில் வேறுபாடு இல்லை.

இங்கிலாந்து மாறிய விதம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஏனென்றால் அந்தச் சட்டம் ஆசியா உட்பட அரசரின் எல்லா ஆட்சிப்பகுதிகளுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொன்னது. செஸ்டர்பீல்டு பிரபு கொண்டுவந்தார், கணக்கு வேலையில் வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி உதவினார். 1751 மார்ச் 25இல் தொடங்கிய ஆண்டு டிசம்பர் 31இல் முடிந்தது, மொத்தம் 282 நாட்கள். மறுநாள் 1752. ஆகவே ஆங்கிலச் சட்டத்தின் கணக்கில் 1751 ஜனவரி என்ற மாதமே இல்லை. ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கியது இந்தக் குட்டை ஆண்டில்தான். பிறகு 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை என்று அறிவித்து, பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறினார்கள். இது வேறு சீர்திருத்தம். ஆண்டுத் தொடக்கத்தை மாற்றுவதும் பதினொரு நாளைத் தள்ளுவதும் ஒரே சட்டத்தில் வந்ததால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து முதலாவதை 1600இலும் இரண்டாவதை 1752இலும் செய்தது, ரஷ்யா முதலாவதை 1700இலும் இரண்டாவதை 1918இலும் செய்தது. இரண்டும் தனித்தனி என்பதற்கு இவையே போதும்.

இங்கும் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். 'எங்கள் பதினொரு நாட்களைத் திருப்பித் தா' என்று லண்டன் மக்கள் கலவரம் செய்தார்கள் என்ற கதையைப் பாடநூல்களிலும் பார்த்திருப்பீர்கள். ஓவியர் ஹோகார்த் 1755இல் தீட்டிய ஒரு தேர்தல் விருந்துப் படத்தில் அந்த வாசகம் தரையில் கிடக்கும் பலகையில் இருக்கிறது. கலவரத்துக்கு அதைத் தவிர உருப்படியான சான்றை ஆய்வாளர்கள் காணவில்லை. பிரிட்டனின் வருமான வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குவது பழைய மார்ச் 25இன் வாரிசு என்பது பொதுவாக ஏற்கத்தக்கது: பதினொரு நாளைக் கூட்டினால் ஏப்ரல் 5 வரும். 5 எப்படி 6 ஆனது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1800இல் லீப் நாள் விடுபட்டதால் இன்னொரு நாள் கூட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். அதற்கு முன்பே கருவூலக் கணக்கு ஏப்ரல் 5இல் முடிந்து மறுநாள் தொடங்கியது என்போர் அதை மறுக்கிறார்கள். எனக்கு இவர்கள் வாதமே வலுவாகத் தெரிகிறது. நம் நாட்டின் ஏப்ரல் 1 நிதியாண்டை மார்ச் 25உடன் நேராக முடிச்சுப் போடுவது தவறு. 1867 வரை இங்கு மே 1தான் தொடக்கம். பிரிட்டிஷ் அரசின் நிதியாண்டோடு ஒத்துப்போகவே ஏப்ரல் 1க்கு மாற்றினார்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் ஆவணங்களை எப்படிச் சோதிப்பது என்பதற்கு வருகிறேன். 1752க்கு முந்திய ஆங்கிலப் பதிவில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள தேதி வந்தால் மட்டும் நின்று பாருங்கள். மற்ற ஒன்பது மாதங்களுக்கு ஆண்டு எண்ணில் சிக்கல் கிடையாது. முதலில், அந்தப் பதிவு டிசம்பருக்குப் பின்னால் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் பழைய கணக்கு. கிழமை எழுதியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எந்தச் சீர்திருத்தத்திலும் கிழமை வரிசை அறுபடவில்லை. ஜூலியன் நாட்காட்டியில் நம் கணக்குப்படியான 1678இன் ஜனவரி 27 ஞாயிறு, 1677இன் ஜனவரி 27 சனி. ஒற்றைச் சீட்டு, தேதி மட்டும், கிழமையும் தொடர்ச்சியும் இல்லை என்றால் எவராலும் உறுதி சொல்ல முடியாது. அப்போது ஐயத்தை ஐயமாகவே எழுதுவதுதான் நேர்மை. குவேக்கர் சமயத்தாரின் கடிதங்களில் 'முதல் மாதம்' என்று வந்தால் 1752க்கு முன் அது மார்ச், ஜனவரி அல்ல. அச்சான தொகுப்புகளில் பதிப்பாசிரியரின் முன்னுரையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிலர் ஆண்டைத் திருத்தியிருப்பார்கள், சிலர் மூலத்தில் உள்ளபடி விட்டிருப்பார்கள். திருத்தியதை மீண்டும் ஒரு முறை திருத்துவது திருத்தாமல் விடுவதைவிட மோசம்.

சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதுவதால் ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்களும் நாகப்பட்டினத்தின் டச்சுக்காரர்களும் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டியில் இருந்தார்கள், ஜனவரி 1இல் ஆண்டை மாற்றினார்கள். தரங்கம்பாடியின் டேனியர்கள் ஜனவரி 1ஐக் கொண்டார்கள், ஆனால் 1700 பிப்ரவரி வரை ஜூலியனில் இருந்தார்கள். ஆகவே சென்னையில் ஓர் ஆங்கிலேயர் 1692 பிப்ரவரி 20 என்று எழுதிய அதே நாளில் தரங்கம்பாடியில் 1693 பிப்ரவரி 20, புதுச்சேரியிலும் நாகப்பட்டினத்திலும் 1693 மார்ச் 2. பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்த நாளை ஆங்கிலேயர் 1746 செப்டம்பர் 10 என்றும் பிரெஞ்சுக்காரர் செப்டம்பர் 21 என்றும் எழுதியதற்கும் காரணம் இதுதான், அங்கே நாள் மட்டும் வேறுபடுகிறது, ஆண்டு அல்ல. உங்கள் கட்டுரையில் ஆங்கில மூலத்திலிருந்து எடுக்கும் தேதிகளை 1677/78 ஜனவரி 27 என்று இரட்டை ஆண்டாகவே எழுதுங்கள், நாளை மாற்ற வேண்டாம். பிரெஞ்சு, டச்சு, டேனிய மூலங்களிலிருந்து எடுத்தால் எந்த மூலம் என்பதைத் தேதிக்கு அருகிலேயே குறித்துவிடுங்கள்.